எச்சரிக்கை: போல்ட் உட்கார்ந்தால் போதும் என்பவரிடம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வாங்காதீர்கள்

பாகங்களை வாங்கி நாமே பூட்டும் கிட் கார் கட்டுவதற்காக க்ரேட் என்ஜின், அதாவது மரப்பெட்டியில் முழுதாகப் பூட்டி வரும் புத்தம்புது என்ஜின், வாங்கி வைத்துக்கொண்டு அதற்கேற்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தேடுபவர்கள் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மிகச் சிலரே. சிலராக இருப்பதாலேயே அவர்களை ஏமாற்றுவது எளிதாகிறது; விலையையும் பொருத்தத்தையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள அக்கம்பக்கத்தில் ஆள் கிடைப்பதில்லை. எங்களுக்குக் கியர்பாக்ஸ் விற்ற தரகரின் பெயரையும், அதைப் பொருத்திக் கொடுத்த பட்டறையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருக்கிறது. ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை அளவுகளோடு சொல்வதற்குத் தடையில்லை.

வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய என் மைத்துனர் தருவித்த என்ஜின் செவ்ரோலே எல்எஸ்3. 6.2 லிட்டர் வி8, 430 குதிரைத்திறன், முறுக்குவிசை 425 பவுண்டு-அடி, நம் கணக்கில் ஏறத்தாழ 576 நியூட்டன் மீட்டர். இரும்புக் குழாய்ச் சட்டமும் ஃபைபர் உடலும் கொண்ட இரண்டு இருக்கை வண்டிக்கு இது மிகையான பலம் என்பதால், கியர்பாக்ஸ் தேர்வில் கவனமாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். பாகூர்ப் பக்கம் உள்ள குடும்ப நிலத்துக்குள் ஓட்டுவதற்கான வண்டி இது. பொதுச் சாலைக்குக் கொண்டுபோகும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இதைச் சொல்லக் காரணம், புதுச்சேரியில் எந்த வண்டிக்கும் எண் வாங்கிவிடலாம், ஆர்டிஓ வேலையைத் தானே முடித்துத் தருவதாக அந்தத் தரகர் முதல் சந்திப்பிலேயே சொன்னதுதான். பதிவான வண்டியை உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சொந்தமாகக் கட்டிய வண்டியோ மாதிரி ஒப்புதல் சோதனை இல்லாமல் பதிவுக்கே போக முடியாது. இவ்வளவு பெரிய விஷயத்தை இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறவர் மற்ற விஷயங்களிலும் அப்படித்தான் இருப்பார்.

என்ஜினின் மாதிரிப் பெயர், பாக எண், அதனுடன் வந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் படம் ஆகிய எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகே விலை கேட்டோம். அவர் எழுதி அனுப்பிய கொட்டேஷனில் 4எல்60இ கியர்பாக்ஸ், என்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸுக்கான தனிக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர், வயரிங், பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்து நான்கு இலட்சத்தைத் தொட்டது. முக்கால் பங்கை முன்பணமாகக் கொடுத்தோம். பொருள் வந்தபோது கையில் கிடைத்த பில்லில் 4எல்60 என்று மட்டுமே இருந்தது. கடைசி எழுத்து விடுபட்டிருப்பதைக் கேட்டதற்கு, ‘உள்ளே பல் சக்கரம் எல்லாம் ஒண்ணுதான் சார், இது கம்ப்யூட்டர் தொல்லை இல்லாத மாடல், உங்களுக்கு நல்லதுதான்’ என்றார்.

பல் சக்கரம் பற்றி அவர் சொன்னது உண்மைதான். இரண்டிலும் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, மூன்றாவது நேர் ஒன்று, நான்காவது 0.70. பாதி உண்மையை முன்னால் வைத்துத்தான் மீதியை மறைத்தார். 1982இல் 700ஆர்4 என்ற பெயரில் வந்த கியர்பாக்ஸே பின்னாளில் 4எல்60 என்று பெயர் மாறியது; 1993 முதல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வந்ததுதான் 4எல்60இ. பழையதில் உள்ளே இருக்கும் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ஒரு கம்பி. டிவி கேபிள் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தக் கம்பியின் மறுமுனை, கார்புரேட்டரிலோ, என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டிலிலோ மாட்டப்பட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இழுபட வேண்டும். இழுபட்டால்தான் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால்தான் கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்கும். எங்களுடைய எல்எஸ்3 என்ஜினிலோ திராட்டிலைத் திறப்பது மின்மோட்டார். மிதிக்கும் பெடலிலிருந்து வயர் மட்டுமே வருகிறது. அந்தக் கேபிளை மாட்ட இந்த என்ஜினில் இடமே கிடையாது. இடத்தை உண்டாக்கப் பெடலிலிருந்து தனியாகக் கம்பி இழுக்கும் ஏற்பாடுகள் உண்டு என்றாலும், அவை நுணுக்கமான அளவு வேலை. எங்கள் பட்டறை அந்தச் சிரமத்துக்கே போகவில்லை. கேபிளைக் கொஞ்சம் இழுத்து, என்ஜினின் பக்கவாட்டில் ஒரு கிளாம்ப் வைத்து அசையாமல் கட்டிவிட்டார்கள். கறுப்பு டேப் சுற்றியிருந்ததால் வெளியே பார்ப்பவருக்கு ஒழுங்கான வேலை போலவே தெரிந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1982இல் இந்தக் கியர்பாக்ஸுடன் வந்த கார்வெட் காரின் என்ஜின் 200 குதிரைத்திறனும் 285 பவுண்டு-அடி முறுக்குவிசையும் கொண்டது. எங்கள் என்ஜின் அதைப்போல ஒன்றரை மடங்கு முறுக்குகிறது. உள்ளே பலப்படுத்தாத பழைய பெட்டி ஒன்றை இதற்குப் பின்னால் கட்டுவது, மாட்டு வண்டி நுகத்தடியில் டிராக்டரைப் பூட்டுவது போன்றது. சொன்னபடி 4எல்60இ கொடுத்திருந்தாலும் அது இந்த என்ஜினுக்குக் கொஞ்சம் இளைத்ததுதான் என்பது என் கருத்து. அதே வரிசையில் வலுவூட்டப்பட்ட 4எல்65இ அல்லது 4எல்70இ, இடம் இருந்தால் 4எல்80இ என்று போவதே முறை. 1991இல் வந்த 4எல்80இ, டர்போ 400 என்ற பழைய கனரகப் பெட்டியின் வழித்தோன்றல். அது கனமும் நீளமும் கூடியது என்பதால், கிட் காரில் இருக்கைகளுக்கு நடுவே ஓடும் குறுகிய சுரங்கத்தில் நுழையுமா, பின்னச்சுக்குப் போகும் புரோபல்லர் ஷாஃப்டின் நீளம் எவ்வளவு குறையும் என்பதையெல்லாம் சட்டம் வெல்டிங் செய்வதற்கு முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

கேபிள் மோசடியாவது கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். வண்டியை முதலில் கெடுத்தது பொருத்திய விதம். பழைய செவ்ரோலே வி8 என்ஜின்களின் பின்முகத்தில் இருந்த போல்ட் அமைப்பை, 1997இல் தொடங்கிய எல்எஸ் வரிசையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டது. அதனால் எந்தப் பழைய செவ்ரோலே கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கும், அதாவது என்ஜினோடு சேரும் மணி வடிவ முன்கூடும், போய் உட்கார்ந்துவிடும். பட்டறைக்காரர் அதைத்தான் எங்களிடம் பெருமையாகக் காட்டினார். உள்ளே நிலைமை வேறு. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான எல்எஸ்3 கிராங்க் ஷாஃப்டின் பின்முனை, பழைய என்ஜின்களின் பின்முனையைக் காட்டிலும் 0.4 அங்குலம், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர், உள்ளடங்கி நிற்கிறது. டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்கின் நடுத்துளைக்குள் நுழைந்து அதன் தாங்குதலில் சுழல வேண்டும். பழைய கன்வெர்ட்டரை இந்த என்ஜினுக்குப் பின்னால் வைத்தால் அந்த மூக்கு துளையை எட்டாது. இந்த 10 மில்லிமீட்டரை நிரப்புவதற்கென்றே கிராங்க் முனையில் அமரும் ஸ்பேசர் வளையமும், அதற்குரிய நீளமான ஆறு போல்ட்டுகளும், கிராங்கைக் கன்வெர்ட்டரோடு இணைக்கும் மெல்லிய தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டில் ஏற்ற ஒன்றும் விற்பனையில் உள்ளன. மொத்தச் செலவில் அது ஒரு சிறு தொகை. அதைக்கூட வாங்காமல், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷர்களை அடுக்கி இடைவெளியை மூடியிருந்தார்கள்.

வண்டி நிலத்துக்கு வந்த அன்றே என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுக்கு மேல் போனால் தரை வழியாக ஓர் அதிர்வு தெரிந்தது. புது வண்டி, எல்லாம் ஒன்றோடொன்று பழகும் வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அடுத்து என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சிவப்பு எண்ணெய் சொட்டியது. ஒரு சீல் மாற்றினார்கள், அதற்கும் தனியாகப் பணம் வாங்கினார்கள். அதன்பின் முழுதாக மிதித்தால் மூன்றாவது கியரில் என்ஜின் அலறியதே தவிர வண்டி முன்னே போகவில்லை. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாகிக் கருகல் வாடை அடித்தது. ஆயில் கூலரும் பொருத்தப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. டார்க் கன்வெர்ட்டர் உண்டாக்கும் சூட்டை வெளியேற்ற வழியில்லாமல், நம் கடற்கரை வெயிலில் அந்த எண்ணெய் வேறு என்னவாகும்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும், எங்களுக்கு நெடுநாள் பழக்கமான மேஸ்திரி ஒருவரை வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டே கியர்பாக்ஸை இறக்கினோம். கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றி ஃப்ளெக்ஸ் பிளேட் விரிசல் விட்டிருந்தது. தாங்குதல் இல்லாமல் ஆடிச் சுழன்ற கன்வெர்ட்டர், ஆயில் பம்பின் புஷ்ஷை, அதாவது தன் கழுத்தைத் தாங்கும் வளையத்தை, ஒரு பக்கமாகத் தேய்த்து முட்டை வடிவமாக்கியிருந்தது; சீல் கசிந்ததற்கும் அதுவே காரணம். மூன்றாவது, நான்காவது கியர்களுக்குப் பொதுவான கிளட்ச் தட்டுகள் கரியாகியிருந்தன. மேஸ்திரி வாஷர் அடுக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘தெரியாம செஞ்சதுன்னா ஒண்ணு ரெண்டு போட்டிருப்பான் ஐயா, இது அளந்து பாத்து அடுக்கினது’ என்றார். இடைவெளி இருப்பதை அறிந்தே செய்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

தரகர் சொன்ன பதில்கள் ஒவ்வொரு முறையும் மாறின. முதலில் என்ஜினின் பலம் அதிகம் என்றார். அந்தப் பலம் எவ்வளவு என்பதைப் பார்த்துவிட்டுத்தானே விலை சொன்னீர்கள் என்று கேட்டதும், ஓட்டிய விதம் சரியில்லை என்றார். கடைசியில், வெளியாள் பிரித்துவிட்டதால் வாரண்டி போய்விட்டது என்று முடித்துக்கொண்டார். இத்தனைக்கும் பிரிப்பதற்கு முன் இருவருக்கும் பதிவு அஞ்சலில் தகவல் அனுப்பி, வந்து பார்க்கும்படி அழைத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. பட்டறைக்காரரோ, ‘அவர் கொடுத்ததை மாட்டினேன்’ என்ற ஒரே வரியில் நிற்கிறார். ‘மாமா, காசு போனால் போகட்டும், என்ஜினுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் சரி’ என்று மைத்துனர் விட்டுவிடப் பார்த்தார். கன்வெர்ட்டர் பக்கத்துத் தள்ளுவிசையில் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று, நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து, அளவு வரம்புக்குள் இருப்பதாகத் தெரிந்த பிறகே நாங்கள் இருவரும் மூச்சு விட்டோம்.

இதே தேடலில் இருப்பவர்கள், விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக விலையை வைக்காதீர்கள். என் என்ஜினின் கிராங்க் முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதற்கு எந்த ஃப்ளெக்ஸ் பிளேட், ஸ்பேசர் வேண்டுமா என்று கேளுங்கள். தடுமாறினால் அங்கேயே விட்டுவிடலாம். பொருத்தும்போது, பெல் ஹவுசிங்கை இறுக்கிய பின், கன்வெர்ட்டரைப் பம்புக்குள் முழுதாகத் தள்ளிய நிலையில், அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் உள்ள இடைவெளியை உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக அது 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் போல்ட்டை இறுக்கும்போது பம்ப் நசுங்கும். மிக அதிகமென்றால் கன்வெர்ட்டரின் கழுத்து பம்பின் பற்களை நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். கன்வெர்ட்டர் கையால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். இந்த அளவை எழுதிக் கையெழுத்திட்டுத் தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் பலரும், விற்றவர் வெளியூர்க்காரர் என்றால் அலைய முடியாது என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 இலட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 50 இலட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். வழி கேட்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பொருளில் உள்ள குறையைச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், உடைந்த பிளேட்டையும் கருகிய தட்டுகளையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் அந்த வாஷர்களைக்கூடத் தனித்தனியாக உறையிலிட்டு வைத்திருக்கிறோம். கொட்டேஷனும் பில்லும் ஒரே கையெழுத்தில், ஓரெழுத்து வித்தியாசத்தில் இருப்பதுதான் எங்கள் புகாரின் முதுகெலும்பு.

சென்ற வாரம் அதே தரகர் இன்னொரு கியர்பாக்ஸைப் படத்துடன் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். தலைப்பில் 4எல்60இ என்றுதான் இருக்கிறது. உண்மையான 4எல்60இ பெட்டியின் வலப்புறத்தில், வயரிங் வந்து மாட்டும் பெரிய வட்ட வடிவ மின் கனெக்டர் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். படத்தில் அந்த இடத்தில் கனெக்டர் இல்லை. கேபிள் நுழையும் துளை மட்டுமே இருக்கிறது. கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்தில் யாரேனும் அதற்கு அட்வான்ஸ் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் பெட்டியின் வலப்புறத்தை வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள்.