உள்ளே துணி விட்டுத் தைக்கிற அம்மா

பரந்தன் சந்தியில் இருந்து முல்லைத்தீவு வீதியால் கொஞ்சத் தூரம் போனால் இடது பக்கம் ஒரு வேலியில் தகரத்தில் 'தையல்' என்று மட்டும் பெயின்ற்றால் எழுதிக் கட்டியிருக்கும். கடை என்று சொன்னாலும் அது வீட்டு விறாந்தைதான். தங்கச்சியின் கலியாணத்துக்கு மூன்று பிளவுஸ், இரண்டு பஞ்சாபி, என் மகளுக்கு ஒரு பாவாடை சட்டை, எல்லாம் இங்கேதான் குடுத்தோம். ஆறில் ஒன்றைக்கூடத் திருத்தவென்று திருப்பிக் கொண்டுபோகவில்லை.

இதுக்கு முதல் டவுனில் ஒரு இடத்தில் தைப்பித்த பிளவுஸ், கையைத் தூக்கினால் முழுச் சட்டையும் சேர்ந்து மேலே ஏறும். சரி, பிரித்துத் தளர்த்துவோம் என்று பார்த்தால் உள்ளே துணியே இல்லை, தையலோடு ஒட்ட வெட்டி எறிந்திருக்கிறார்கள். நல்ல பட்டு அப்படியே பெட்டிக்குள் கிடக்கிறது.

இந்த அம்மா தைத்ததைப் புறம்திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் மூன்று வரி தையல், அதுக்கும் அங்கால் ஒரு அங்குலத்துக்கு மேலே துணி, ஓரம் நூல் பிரியாமல் மடித்து அடித்திருக்கும். உடம்பு வைத்தால் உள்வரியைப் பிரித்தால் போதும். அளவெடுக்கும்போதே "மூச்சைப் பிடிக்காதை பிள்ளை, சும்மா நில்" என்பார், பிறகு கதிரையில் இருத்தி இன்னொரு தரம் எடுப்பார். தங்கச்சியிடம் "நாளைக்குப் பிள்ளை பிறந்தாலும் இதையே போடலாம், கொழுக்கியை முன்னுக்கு வைக்கிறன்" என்றார். அவளுக்கு வெட்கம், எனக்கு அவர் சொன்னது எவ்வளவு சரி என்று பட்டது.

இப்படித் துணி விடுகிற பழக்கம் எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். சனமே ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் இருந்து மூன்று பிள்ளைகளோடும் மாமியோடும் நடந்தவர். மெசினின் தலையை மட்டும் கழற்றி, சாறியால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள், காலால் மிதிக்கிற ஸ்ராண்ட் வீட்டோடே நின்றுவிட்டது. அடுத்த வருசம் கிளாலியால் படகேறி வன்னிக்கு வந்து, மெசினுக்குக் கைபிடி பூட்டி, ஜாம் போத்தல் விளக்கில் தைத்திருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலம், துணி லேசில் கிடைக்காது. மூத்தவளின் சட்டை அடுத்தவளுக்கு, பிறகு கடைசிப் பிள்ளைக்கு. வெட்டினால் போச்சு, விட்டால் இருக்கும், அவ்வளவுதான் என்றார்.

2009இல், கடைசிச் சண்டை நேரம், மாத்தளனில் அதே மெசினில் அவர் தைத்தது மண்மூட்டை. பங்கருக்கு அடுக்க உரப்பை போதாமல் சனம் சாறிகளைக் கொண்டுவந்து குடுத்ததாம், கூறைச் சாறி உட்பட. சரிகைக்கரை ஊசியை உடைக்கும் என்பதால் கரையை வேறாக வெட்டி எடுத்துவிட்டுத் தைத்திருக்கிறார். கணவரை அங்கே இழந்தார். மெசினையும் விட்டுவிட்டு, அளவு நாடாவை இடுப்பில் சுற்றியபடி இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாமுக்கு வந்தவர். இதைச் சொன்னபோதும் கை நிற்கவில்லை, என் மகளின் பாவாடைக்குக் கொசுவம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது விறாந்தையில் நிற்கிற மெசின் நடு மகள் இத்தாலியில் இருந்து அனுப்பிய காசில் வாங்கினது. அவர் பலெர்மோவில் இருக்கிறார். அங்கே எங்கட ஆட்கள் கனபேர், பெலெக்ரினோ மலையில் இருக்கிற புனித ரொசாலியா குகைக் கோவிலுக்குச் சைவச் சனமும் ஏறும், இங்கே மடு மாதா கோவிலுக்குப் போவது மாதிரி. பேத்தி கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற முதல்நன்மைக்கு அம்மா வாட்சப்பில் அளவு கேட்டு வெள்ளைச் சட்டை தைத்து பார்சலில் அனுப்பியிருக்கிறார். மேல் வீட்டில் ஒரு வயதான இத்தாலிய மனிசி, தானும் கலியாணச் சட்டை தைத்துத்தான் பிள்ளைகளை வளர்த்தவராம். அவர் சட்டையை வாங்கி முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேரே உள்பக்கத்தைத் திருப்பி, விரலால் தையலைத் தடவி, "சார்த்தா, சார்த்தா" என்றாராம். தையற்காரி என்று அர்த்தம். இந்த ஒரு கதையை மட்டும் அம்மா எனக்கு இரண்டு தரம் சொன்னார், இரண்டு தரமும் முகம் அப்படி மலர்ந்தது.

குறை இல்லாமல் இல்லை. சொன்ன திகதிக்கு உருப்படி கிடைக்காது, எங்களுக்கு நாலு நாள் பிந்தியது, கலியாண வீட்டில் அது சின்னப் பதற்றம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பேரப்பிள்ளைகள் வந்தால் மெசினை மூடிவிட்டுச் சோறு போடப் போய்விடுவார், யார் வந்து நின்றாலும் சரி. ஒருநாள் நானும் நின்றேன். "இரு பிள்ளை" என்று எனக்கும் ஒரு கோப்பை போட்டுக் கொண்டுவந்து தந்தார், கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும். கழுத்தில் மணி, எம்பிராய்டரி மாதிரி வேலைப்பாடு வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பாருங்கள், அது இங்கே இல்லை. கூலி லைனிங் வைத்த பிளவுசுக்கு 1,800 ரூபா வாங்கினார், டவுனில் நான் குடுத்ததை விடக் குறைவு.

போகிறவர்கள் பருத்தித் துணி என்றால் முதலே நனைத்துக் காயவைத்துக் கொண்டு போங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார். அளவுச் சட்டை தேவையில்லை, ஆள் நேரே போக வேண்டும். ஞாயிறு பூட்டு, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவை ஒட்டியும் ஒரு கிழமை பூட்டு. தீபாவளிக்கு வேண்டும் என்றால் புரட்டாசி பிறந்த உடனேயே குடுத்துவிடுங்கள்.