சம்பளமா, ரீட்டெய்னரா, சொந்த போர்டா?

கட்டடத்தின் தூண், பீம், ஸ்லாபைக் கணக்கிட்டு வரையும் ஸ்ட்ரக்சுரல் டிசைன் ஆபீஸில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் மனக்கணக்கு ஓடத் தொடங்கும். கம்பெனி கிளையண்டிடம் வாங்குவது எவ்வளவு, நமக்குத் தருவது எவ்வளவு? தமிழ்நாட்டில் அவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கிற சம்பளத்திலேயே தொடரலாம். ஒரு கம்பெனியோடு மாதத் தொகை (ரீட்டெய்னர்) பேசிக்கொண்டு ‘கன்சல்டன்ட்’ ஆகலாம். அல்லது சொந்தமாக போர்டு மாட்டலாம். வருமானத்தை வைத்தே மூன்றையும் எடை போடுகிறார்கள். பணம் வரும்வரை காத்திருப்பது யார், டிராயிங்கில் கையெழுத்து யாருடையது என்று நான் பார்ப்பேன்.

வரியை முதலில் முடித்துவிடலாம். ஆசை காட்டுவது அதுதான். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் 24 லட்சம் சம்பளக்காரர் 75,000 நிலைக்கழிவு போக ஏறக்குறைய 2.9 லட்சம் வரி கட்டுவார். அதே 24 லட்சத்தை ஃபீஸாக வாங்கும் பொறியாளர், ஆடிட்டர்கள் 44ஏடிஏ என்று சொல்லும் முறையில் பாதியை வருமானமாகக் காட்டலாம். 12 லட்சத்துக்கு வரி பூஜ்யம். ஃபீஸ் தரும்போதே கிளையண்ட் பிடித்துக் கட்டும் வரியான டிடிஎஸ் ரீஃபண்டாகத் திரும்பும். உச்சவரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டிராஃப்ட்ஸ்மேன் சம்பளம், ஈடேப்ஸ் டிசைன் சாஃப்ட்வேர் லைசென்ஸ், வாடகை, சைட்டுக்குப் போகிற பெட்ரோல் எல்லாம் அந்த 24 லட்சத்திலிருந்தே போக வேண்டும். கம்பெனி போட்டுவந்த 12 சதவீத பிஎஃப்பும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை.

ஒரு பில்லைப் பார்ப்போம். ஃபீஸ் 1,00,000. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 18 சதவீதம் சேர்த்து 1,18,000. கம்பெனி கிளையண்ட் 10,000 டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 1,08,000 அனுப்புவார். அதில் 18,000 அரசாங்கத்துக்கு. கையில் நிற்பது 90,000. இது ஒழுங்காகப் பணம் வந்தால். வராவிட்டாலும் இன்வாய்ஸ் போட்டுவிட்டால் ஜிஎஸ்டி நம் தலையில்தான். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அந்த 18,000 ரூபாயைச் சொந்தக் காசிலிருந்து கட்ட வேண்டும். விவரமானவர்கள் முதலில் வரிக்கணக்கில் சேராத மாதிரி பில்லான புரஃபார்மா அனுப்பிவிட்டு, பணம் ஏறும்போது டேக்ஸ் இன்வாய்ஸ் போடுவது இதனால்தான்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் வைத்திருப்பவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். பில்டரிடம் அதைக் காட்டினால் பணம் வரலாம். அடுத்த புராஜெக்ட் வராது. சட்டத்தைவிடக் கைகொடுப்பது தவணைதான். ஃபவுண்டேஷனுக்கு ஒன்று, ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஒன்று என்று பிரித்து, முந்தைய தவணை வந்தபின் சைட்டில் கட்டுவதற்கான அடுத்த இறுதி டிராயிங்கை (ஜிஎஃப்சி) விட வேண்டும். சென்டரிங் அடித்துவிட்டு கம்பி விவரத்துக்குக் காத்திருக்கும் பில்டர் அன்றைக்கே ஜிபே பண்ணுவார். மொத்த செட்டையும் ஆட்டோகேட் ஃபைலோடு கொடுத்துவிட்டால், “ஹேண்டோவர் முடியட்டும் சார், பாத்துக்கலாம்” என்ற பதில்தான் கிடைக்கும். கார் பார்க்கிங்குக்கு இடிக்கிறது என்று ஒரு பில்லரை நகர்த்தச் சொன்னால், சம்பளக்காரருக்கு அது ஓர் இரவு எரிச்சல். இத்தனை திருத்தத்துக்கு மேல் தனி ஃபீஸ் என்று எழுதி வாங்காத சொந்தத் தொழில்காரருக்கோ கைநஷ்டம்.

கையெழுத்து இதைவிடக் கனமானது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, கட்டுமான நிறுவனத்தாரோடு பொறியாளர்களும் கைதானார்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குத் தனிப் பதிவு இருக்கிறது. ஆபீஸில் உங்கள் டிசைனை இன்னொருவர் செக் பண்ணுவார். தனியாக இருக்கும்போது அவரைக் காசு கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். தொழில் தவறுக்கு வரும் நஷ்டஈட்டு வழக்கைத் தாங்கும் புரொஃபஷனல் இண்டெம்னிட்டி பாலிசியும் வேண்டும். அது பெரும்பாலும் புகார் வரும் சமயத்தில் நடப்பில் இருந்தால்தான் உதவும் என்பதால், தொழிலை நிறுத்தினாலும் சில வருடம் பிரீமியம் கட்ட வேண்டியிருக்கும்.

மூன்றில் எனக்கு ஒட்டாதது ரீட்டெய்னர். காலையில் பயோமெட்ரிக், லீவுக்கு மேனேஜருக்கு மெயில், ஆனால் பிஎஃப் இல்லை, மெடிக்கல் இல்லை, ஒரு மாத நோட்டீஸில் வெளியே போகச் சொல்லலாம். இதில் லாபம் கம்பெனிக்குத்தான். வாரம் மூன்று நாள் மட்டும், வேறு கிளையண்டுகளை எடுக்கத் தடையில்லை என்று எழுத்தில் தந்தால் மட்டும் ஒரு வருடத்துக்கு ஒத்துக்கொள்ளலாம். போர்டு மாட்டுவதற்கு முன் அதைவிட நல்ல ஏற்பாடு கிடைப்பது கஷ்டம்.

போன் யாருக்கு வருகிறது என்று கவனியுங்கள். பீமில் விரிசல் தெரிந்தால் கான்ட்ராக்டர் கம்பெனி நம்பரைக் கூப்பிடுகிறாரா, உங்கள் செல்லையா? ஆர்க்கிடெக்ட் அடுத்த வேலைக்கு விசாரிப்பது உங்கள் பெயரையா, கம்பெனி பெயரையா? கம்பெனியைத்தான் என்றால் சம்பளத்திலேயே இருங்கள். டிசைன் எவ்வளவு நன்றாக வந்தாலும் வேலை தேடி வராது. உங்களைத்தான் என்றால் துணிந்து இறங்கலாம். ராஜினாமாவுக்குப் பிறகு போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற ஷரத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும்போதே தனி டிசைன் செய்வதும், கம்பெனி டிராயிங்கை எடுத்துக்கொண்டு போவதும் வேறு விவகாரம்.

கடிதம் கொடுக்கும் முன் வீட்டுக் கடன் யோசனை இருந்தால் சம்பளச் சீட்டைக் காட்டியே வாங்கிவிடுங்கள்; தொழில் செய்பவரிடம் வங்கி இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். குடும்பத்துக்குத் தனி மெடிக்கல் பாலிசியையும் இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. கம்பெனி குரூப் பாலிசி இருக்கும்போதே அது ஓட ஆரம்பிக்கட்டும்.