கச்சானுக்கு ஃபேன், ஒக்டோபருக்குச் சில்லர்

கடல்மீன் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் விலை இறங்கியிருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். என்னிடம் இருப்பது 1/10 குதிரைவலு. தொட்டி 200 லீற்றர், கீழே சம்ப்போடு (பம்ப் இருக்கிற துணைத் தொட்டி) சேர்த்துத் தண்ணீர் 230 லீற்றர் வரும். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் என் சில்லரின் திருத்து வேலை முடிந்து வந்த சூட்டோடு எழுதுகிறேன், அதனால் வயிற்றெரிச்சல் முதலில்.

பழுதாய்ப் போனது, சூட்டை வெளியே தள்ளுகிற பின்பக்கக் கொண்டென்சர். உள்ளே கடல்நீர் ஓடும் டைட்டானியச் சுருளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதில் குறை சொல்லவே முடியாது. ஆனால் வெளியே இருப்பது செப்புக் குழாயில் அலுமினியத் தகடு கோத்த சாதாரண பிரிட்ஜ் சாமான். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரிக்கப்படும். வெள்ளை மாவாக உதிரும். தகடு உதிர்ந்தால் சூடு வெளியேறாது, சூடு வெளியேறாவிட்டால் கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும், கடைசியில் பற்றவைத்த மூட்டு ஒன்றில் ஊசித் துளை விழுந்து கேஸ் போய்விடும். விற்றவர்களிடம் கேட்டால், "கடற்கரை ஊரில வச்சா அப்பிடித்தான், துருவுக்கு வொரண்டி இல்லை" என்கிறார்கள். கடல்நீர்த் தொட்டிக்கு என்று பெட்டியில் அச்சடித்து விற்கிற சாமானுக்கு உப்புக் காற்று ஆகாதாம்! கொண்டென்சரைத் தனியாகத் தரவும் மாட்டார்கள். ஊர் பிரிட்ஜ் மெக்கானிக்தான் மூட்டைப் பற்றவைத்து, ஆர் 134ஏ கேஸ் அடித்து, ஓட வைத்தார்.

இந்த வியாதிக்கு உப்பு இரண்டு வழியால் வருகிறது. ஒன்று வாடைக்காற்று. நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடலில் இருந்து நேரே அடிக்கும். மற்றது தொட்டியே. அழுக்கை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மரின் மூடியில் வெடிக்கும் குமிழிகள் நுண்ணிய உப்புத் தூறலைத் தூவிக்கொண்டே இருக்கும், சில்லரின் ஃபேன் அதை இழுத்துக் கொண்டென்சருக்கு ஊட்டும். ஆகவே தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக்குள் சில்லரை வைக்கவே கூடாது. இரண்டு மீற்றர் குழாய் விட்டு வெளியே எடுத்து, சுவருக்கும் அதற்கும் ஒரு அடி இடைவெளி விட்டு, ஜன்னலோரம் வைக்க வேண்டும். அது தண்ணீரில் இருந்து எடுத்த சூட்டோடு தான் தின்ற கரண்டின் சூட்டையும் சேர்த்து அறைக்குள்தான் துப்பும். மாதம் இரண்டு முறை பிளக்கைக் கழற்றி, பூவுக்குத் தெளிக்கிற ஸ்பிரேயில் நல்ல தண்ணீரைப் பின்னிருந்து முன்னாகத் தகடுகளுக்குள் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். தரைப்பக்கமிருந்து சூடாக வீசுகிற கச்சான் காற்றுக் காலத்தில் உப்புக்குப் பதில் தூசி. அதற்கு மென்மையான பிரஷ், தகடு ஓடுகிற திசையிலேயே.

இனி மனம் குளிர்கிற பகுதி. கொம்பியூட்டருக்குள் இருக்குமே, அந்த 12 சென்ரிமீற்றர் ஃபேன் இரண்டு, 12 வோல்ட் அடப்ரரில். இரண்டும் சேர்ந்து 5 வோற்தான். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு (வலை இல்லாவிட்டால் காலையில் கருவாடு பொறுக்கலாம்), நீர்மட்டத்தில் சாய்வாகக் காற்று உரசிப் போகும்படி பூட்ட வேண்டும். காற்றைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளும்படி வையுங்கள். இழுக்கும்படி வைத்தால் ஈர உப்புக் காற்று மோட்டருக்குள் போய் பெயாரிங் இறுகிவிடும்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யுனிற் (கரண்ட் பில்லில் வருகிற அதே யுனிற்) சூட்டைக் கொண்டு போகும். கச்சான் அடிக்கும்போது நாளுக்கு 4 லீற்றர் போகிறது என்று வையுங்கள். 2.7 யுனிற் சூடு வெளியே. ஃபேன் தின்றது 0.12 யுனிற். இதே வேலையைச் சில்லர் செய்தால் ஒரு யுனிற்றுக்கு மேல் தின்னும். மாதம் 180 யுனிற்றைத் தாண்டுகிற வீடுகளுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தவறவிடுகிற விஷயம் இங்கேதான். ஃபேன் தண்ணீரைக் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றில் காட்டுகிற சூடு) கீழே கொண்டு போக முடியாது. ஜூலைப் பகலில் கச்சான் வீசி 35 பாகை, ஈரப்பதன் 50 வீதம் என்றால் ஈரக்குமிழ் 26.5 பாகையளவில்தான் இருக்கும். ஆள் வெந்துபோவோம், தொட்டி 28 இல் சுகமாக நிற்கும். காற்று விழுந்த ஏப்ரல் அல்லது ஒக்டோபர் இரவு ஒன்றில் 30 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் ஈரக்குமிழ் 28ஐத் தொட்டுவிடும். அதோடு பம்பின் சூடும் சேர, ஃபேன் எவ்வளவு சுழன்றாலும் தண்ணீர் 29, 30 என்று ஏறும். ஆக, தொட்டியைக் கொல்வது உவர்மலையில் தார் உருகுகிற பகல் இல்லை. இலை அசையாத இரவு. சில்லர் தன் விலைக்கு வேலை செய்வது அந்தச் சில வாரங்களில் மட்டுமே.

25 பாகையில் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். நம் பக்கக் கடலே ஏறக்குறைய 27 முதல் 30 பாகைக்குள் நிற்கிறது. இங்கத்தைய கோமாளி மீனுக்கு 28 நிலையாக இருந்தால் போதும். பகலுக்கும் இரவுக்கும் இடையில் இரண்டு மூன்று பாகை ஏறி இறங்குவதுதான் அதற்குக் கெடுதல். (பவளம் வளர்க்க ஆசை என்றால் புறாத்தீவுப் பக்கம் கண் போகக் கூடாது. 2003 இல் இருந்து அது தேசியப் பூங்கா. இலங்கைக் கடலில் பவளம் எடுப்பது எங்கேயுமே குற்றம்.)

ஃபேனுக்கு எஸ்.டி.சி. 1000 என்கிற வெப்பநிலைக் கட்டுப்படுத்தி: எப் 1 ஐ 27.8, எப் 2 ஐ 0.4 என்று வைத்தால் 28.2 இல் போட்டு 27.8 இல் நிறுத்தும். சில்லரை 28 இல் வையுங்கள். பெரும்பாலானவை ஒரு பாகை ஏறிய பிறகுதான், அதாவது 29 இல், எழும்பும். அதுவரை ஃபேன் பார்த்துக்கொள்ளும். சில்லரின் திரையை அப்படியே நம்ப வேண்டாம். அது காட்டுவது தன் வயிற்றுக்குள் இருக்கிற தண்ணீரின் சூடு. பம்பின் ஓட்டம் குறைந்தால் தொட்டியோடு ஒத்துப்போகாது. தொட்டிக்குள் ஒரு கண்ணாடி வெப்பமானி கட்டாயம்.

ஃபேனின் வில்லங்கம் தண்ணீர் நிரப்புவது. போவது வெறும் நீர், உப்பு அப்படியே நிற்கும். நாளுக்கு 4 லீற்றர் போய் மூன்று நாள் நிரப்பாவிட்டால் ஆயிரத்துக்கு 35 இல் இருந்த உப்புச்செறிவு 37ஐ நெருங்கும். கடல்நீர் ஊற்றி நிரப்புவது இன்னும் மோசம். கிணற்றுத் தண்ணீரும் சரிவராது. குடிநீர் நிலையத்தில் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீரை, கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீற்றரால் பார்த்து, 10க்குக் கீழே இருந்தால் எடுங்கள். நீர்மட்டம் இறங்கினால் கேனில் உள்ள பம்பைத் தானாகப் போடுகிற மிதவை சுவிச் போடுவதென்றால் ஒன்று போதாது. நத்தை ஏறி உட்கார்ந்தால் மிதவை எழும்பாது, 25 லீற்றர் கேன் முழுவதும் உள்ளே போய் உப்பு 32க்குக் கீழே விழும். இரண்டு சுவிச்சைத் தொடராக இணைத்து, ஒன்றை மற்றதைவிட இரண்டு விரல் உயரத்தில் வையுங்கள். குழாயின் நுனி சம்ப்பின் தண்ணீரைத் தொடக் கூடாது, தொட்டால் பம்ப் நின்ற பிறகும் சைபனாகி இழுத்துக்கொண்டே இருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் சம்ப்புக்குள் இருக்கிற பம்பைப் பாருங்கள். 60 வோற் பம்பின் சூடு கிட்டத்தட்ட முழுதும் தண்ணீருக்குள்தான். 25 வோற் டி.சி. பம்ப் போட்டால் நாளுக்கு 0.84 யுனிற் சூடு குறைகிறது, அதாவது ஒரு லீற்றருக்கு மேல் ஆவியாக வேண்டிய வேலை மிச்சம்.

கரண்ட் போனால் சில்லர் வெறும் பெட்டி. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் என்று அமைச்சரே சொன்ன மாதிரி நாடே நின்றது. அப்படியான நேரத்தில் சூட்டுக்கு முன் மூச்சுத்தான் முட்டும். 25 பாகைக் கடல்நீர் லீற்றருக்கு 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் வைத்திருக்கும், 30 பாகையில் 6.2 தான். மீன் சுவாசிக்கிற வேகமோ சூட்டோடு கூடும். 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பற்றரி ஒன்று இரண்டு ஃபேனையும் எட்டு மணி நேரம் ஓட்டும், பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். உறைய வைத்த ஒன்றரை லீற்றர் போத்தலை மூடியோடு சம்ப்பில் போட்டால் முக்கால் பாகை இறங்கும். ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள், நாலைந்தை ஒரேயடியாக அல்ல.

ஆக, ஃபேனுக்கு முழுப் புள்ளி, சில்லருக்குத் திட்டு. இருந்தும் தம்பிக்கு என் பதில்: வாங்குங்கள். ஃபேனோடு ஒக்டோபரைத் தாண்டலாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது. பழையது கிடைத்தால் பின் கிரில்லைக் கழற்றி, ரோச் அடித்துத் தகடுகளுக்கு இடையில் பாருங்கள். வெள்ளை மா இருந்தாலோ, குழாய் வளைவுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ விட்டுவிடுங்கள், பிசுக்கு இருப்பது கேஸ் கசிந்த இடம். நல்லதாக இருந்தால் ஓட விட்டு, நிறுத்தி, மூன்று நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இரைந்துகொண்டு நின்றால் கொம்பிரசர் எழும்பவில்லை என்று அர்த்தம், காசைக் கொடுக்காதீர்கள்.