ஹியூமன் ஃபேக்டர்ஸ் ரிஃப்ரெஷர் கிளாஸ்: தூங்கலாம்னு போனேன், முடியல

விமான மெயின்டனன்ஸ் வேலைல மனுஷத் தப்பு எப்படி வருதுன்னு சொல்ற, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கட்டாயம் உட்கார வேண்டிய கிளாஸ்தானேன்னு அசால்ட்டாதான் போனேன். காலைல கோர்டன் டுபான்ட் 1993ல போட்ட, நம்மளைத் தப்பு பண்ண வைக்கிற 12 காரண லிஸ்ட்டை ஸ்லைடு பார்த்து அப்படியே வாசிச்சாங்க, ஹேங்கர் சுவத்துல தினம் பார்க்கிற போஸ்டர் சார் அது.

ஆனா மத்தியானம் வந்த டிரெய்னர் வேற மாதிரி. ஆளுக்கு ரெண்டு போல்ட் கையில குடுத்து, லைட்டை கம்மி பண்ணிட்டு, எது பெருசுன்னு கேட்டார். பாதிப்பேர் தப்பா சொன்னோம், நானும்தான். வித்தியாசம் வெறும் 0.66 மில்லிமீட்டர். அப்புறம்தான் 1990 ஜூன்ல நடந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 ஃப்ளைட் கதைக்கு வந்தார். அதுக்கு முன்னாடி விடியற்காலைல மெயின்டனன்ஸ்ல ஒருத்தரே நின்னு காக்பிட் விண்ட்ஸ்க்ரீன் மாத்தினார், எந்த போல்ட்டுன்னு பார்ட்ஸ் கேட்டலாக்ல சரிபார்க்காம பழைய போல்ட்டோட கண்ணாலயே ஒப்பிட்டு எடுத்துட்டார், 90ல 84 விட்டம் சின்னது, மீதி 6 நீளம் கம்மி, 17,300 அடியில கண்ணாடி பிச்சுக்கிட்டுப் போக கேப்டன் பாதி உடம்பு வெளிய. நல்லவேளை பொழைச்சுட்டார்.

இதுல எனக்கு உறைச்சது, அந்த போல்ட் போட்டவர் சோம்பேறி இல்ல, வேலையை முடிச்சுக் குடுக்கணும்னு நெனைச்ச மனுஷன். நம்மள்ல யாரு அப்படி இல்ல?

களைப்பு பத்தின பாடம்தான் வேஸ்ட். நல்லா தூங்குங்கன்னா, ரோஸ்டர் போடுறவர்கிட்ட யார் சொல்றது? டெஸ்ட்டும் சும்மா பேருக்குத்தான். கிளாஸுக்கு நான் குடுக்கிறது அஞ்சுக்கு மூணரை, அதுவும் அந்த போல்ட்டுக்காக.