லண்டனில் முதல் வருடம்: ஹால்ஸா, ஈஸ்ட் ஹாம் அறையா?

படிக்க லண்டன் போகிறேன் என்று வாய் திறந்த அன்றே யாராவது ஈஸ்ட் ஹாமில் அறை தரும் ஒருவரின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். கிழக்கு லண்டனில் தமிழர்கள் நிறைய இருக்கும் பகுதி அது. எனக்கும் கொடுத்தார்கள். பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பிக்கும் தேதியை நான் கோட்டை விட்டிருந்தேன். அந்த விடுதிகளை அங்கே ஹால்ஸ் என்பார்கள். அதனால் முதல் மூன்று வாரம் ஈஸ்ட் ஹாம். பிறகு ஹால்ஸில் ஓர் அறை காலியாகி அங்கே மாறினேன். படிப்பு முடிந்ததும் மறுபடி ஈஸ்ட் ஹாம். இரண்டு இடத்திலும் குளிரில் நடுங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் காசு. ஹால்ஸ் வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள், வெளி அறையை மாதக் கணக்கில். எனக்கு ஹால்ஸ் வாரம் 215 பவுண்டு, ஈஸ்ட் ஹாம் மாதம் 550. நாலு வாரம் என்று போட்டு 860 என நானும் ஏமாந்தேன். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 932 வருகிறது. வித்தியாசம் 380-க்கு மேல். அதில் ரயில் காசைக் கழிக்க வேண்டும். என் வகுப்பு நடு லண்டனில், ரஸ்ஸல் ஸ்கொயர் பக்கம். ஈஸ்ட் ஹாமில் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் யூஸ்டன் ஸ்கொயர், வாசலில் இருந்து வகுப்பு வரை ஐம்பது நிமிடம். ஆய்ஸ்டர் என்பது ரயில், பஸ்ஸில் தட்டிவிட்டுப் போகும் கட்டண அட்டை. மாணவர் ஆய்ஸ்டர் கார்டு இருந்தால் டிராவல்கார்டு என்ற வார, மாத பாஸில் 30% குறையும். அன்றன்றைக்குத் தட்டிவிட்டுப் போகும் கட்டணத்தில் அந்தச் சலுகை கிடையாது. எல்லாம் கழித்தாலும் ஈஸ்ட் ஹாம்தான் மலிவு.

சாப்பாட்டிலும் அதுதான் ஜெயிக்கும். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் கைக்கெட்டும். மகாலட்சுமி கோயில் அதே தெருவில், மேனர் பார்க் முருகன் கோயில் நடக்கும் தூரத்தில். ஹால்ஸ் சமையலறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசத்துக்குக் கடுகும் வரமிளகாயும் தாளித்தேன். மிளகாய் கறுப்பதற்குள் அலாரம் அலறியது. ஆறு மாடியும் பைஜாமாவோடு இறங்கி நடைபாதையில் நின்றது. கையில் கரண்டியோடு நின்றவன் நான் ஒருவன்தான், அதனால் விசாரணை தேவைப்படவில்லை.

இத்தனை இருந்தும், கையில் பணம் இருக்கிறவர்களுக்கு நான் ஹால்ஸைத்தான் சொல்வேன். காரணம் காகிதம். ஈஸ்ட் ஹாமில் அறை தந்த யாழ்ப்பாணத்து அண்ணன் தங்கமான மனிதர். வந்த இரவே புட்டும் மீன் குழம்பும் கொடுத்தார். மறுநாள் வங்கிக்காக முகவரி கேட்டதும், “தம்பி, கடிதம் ஒண்டும் இங்க வரக்கூடாது. மற்றபடி இது உங்கட வீடு மாதிரி” என்றார். அவரே அந்த வீட்டில் வாடகைக்காரர், உள்வாடகைக்கு விட்டிருக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. வங்கிக் கணக்கு தொடங்கப் பல்கலைக்கழகம் கடிதம் தரும், ஆனால் அதில் எழுத ஒரு முகவரி வேண்டும். கார்டும் தபாலில் அங்கேதான் வரும். மூன்று வாரமும் ஊரிலிருந்து கொண்டுபோன பவுண்டு நோட்டுகளை எண்ணிக்கொண்டே கழித்தேன். ஹால்ஸில் சாவி வாங்கிய அன்றே என் பேரில் ஒப்பந்தம், எனக்கென்று ஒரு தபால் பெட்டி.

டெபாசிட் கதையும் இப்படித்தான். முறையான வாடகை ஒப்பந்தம் என்றால் இங்கிலாந்தில் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்க முடியாது. வாங்கியதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டாக வேண்டும். வீட்டுக்காரரோடு அதே வீட்டில் தங்கினால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர் நல்லவராக இருந்தால் பணம் திரும்பும். ஹாரோ பக்கம் தமிழ்க் குடும்பங்களோடு தங்குவதும் இந்த வகைதான். சாப்பாடு பிரமாதம், பத்து மணிக்கு மேல் வந்தால் ஆன்ட்டியின் முகம் வேறு.

ஹால்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி உண்டு. பிடிக்கவில்லை என்று ஜனவரியில் கிளம்ப முடியாது. உங்கள் இடத்துக்கு வேறொரு மாணவரைப் பிடித்துக் கொடுத்தால்தான் பெரும்பாலும் விடுவார்கள். நான் நுழைந்ததே அப்படிக் கிளம்பிய ஒருவர் இடத்தில்தான்.

மூன்றாவது வழி, நாலு வகுப்புத் தோழர்கள் சேர்ந்து ஒரு முழு வீடு எடுப்பது. எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளாட்சி வரி கிடையாது. ஆனால் ஒப்பந்தம் கூட்டாகத்தான் இருக்கும், ஒருவன் பாதியில் ஓடினால் அவன் பங்கும் மற்றவர்கள் தலையில். பிரிட்டனில் இருக்கும் ஒருவரின் ஜாமீனும் கேட்பார்கள். விமானத்தில் இருந்து இறங்கிய வாரத்தில் இது யாருக்கும் ஆகாது. மூன்று வருடப் படிப்பு என்றால் இரண்டாம் வருடம் யோசிக்கலாம்.

வகுப்பு மைல் எண்டில் என்றால் என் கணக்கு கொஞ்சம் மாறும். ஈஸ்ட் ஹாமில் இருந்து ஆறே ஸ்டேஷன், நடு நகரம் வரை போகவேண்டாம். அக்ஸ்பிரிட்ஜிலோ கிங்ஸ்டனிலோ படிக்கிறவர் ஈஸ்ட் ஹாமில் தங்குவது மடத்தனம், தினம் லண்டனைக் குறுக்கே கடக்க வேண்டும். இரவு ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடும் நைட் ட்யூப் என்ற சுரங்க ரயில் ஈஸ்ட் ஹாம் வழியாக வராது, பஸ்தான்.

காசு இடிக்கிறது, ஈஸ்ட் ஹாம்தான் என்று முடிவானால், படத்தைப் பார்த்து ஊரில் இருந்தே பணம் அனுப்பாதீர்கள். ஒரு வாரம் எங்காவது தங்கி நேரில் பாருங்கள். பாக்ஸ் ரூம் என்று காட்டுவார்கள். மாடிப்படிக்கு மேலே இருக்கும் குட்டி அறை அது, படியின் முதுகு தரையில் இருந்து பெட்டி போல எழும்பி நிற்கும். என்னுடையதில் அதன்மேல்தான் சூட்கேஸ், அரிசி, ரைஸ் குக்கர் எல்லாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ தனித்தனியாகத் தங்கும் வீட்டுக்கு உரிமம் வேண்டும், அதில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. நம் கணக்கில் 70 சதுர அடி. டேப் கொண்டு போங்கள், கூச்சப்பட வேண்டாம். உங்கள் பேரில் தபால் வரலாமா, ஹீட்டர் பொத்தான் யார் கையில் என்று கேளுங்கள். எனக்கு இரண்டாவது முறை தங்கிய நவம்பரில் காலை இரண்டு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம்தான் சூடு.

போவது மாலை ஏழு மணிக்கு மேல் இருக்கட்டும், எல்லோரும் வேலை விட்டு வந்திருப்பார்கள். குளியலறையில் டூத்பிரஷ்களை எண்ணுங்கள். எனக்குச் சொன்னது நாலு பேர். கோப்பையில் இருந்தது ஒன்பது.