கம்பிக் கயிறா, பெல்ட்டா?

காப்பாரிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் தம்பிகள் இருவர் ஒட்டுக்கடையில் கேட்டார்கள்: "அண்ணே, கப்பல் கிரேன்ல சரக்கைக் கட்டித் தூக்க கம்பிக் கயிறு நல்லதா, பெல்ட் நல்லதா?" சரி, பார்ப்போம். கம்பி என்றால் இரும்பு இழைகளை முறுக்கிய கயிறு; பெல்ட் என்றால் செயற்கை நூலில் நெய்த தட்டையான பட்டை.

கையாள: கம்பி கனம், அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே இழை உள்ளங்கையைக் கிழித்துவிடும், கையுறை கட்டாயம். பெல்ட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம்.

உழைப்பு: கம்பி உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், கிரீஸ் வேண்டும். பெல்ட்டுக்கு வெயிலே எதிரி. நாள்பட வெளியில் கிடந்தால் பலம் குறையும். இரும்புத் தகட்டின் ஓரம் பட்டால் போதும், கத்தி வைத்தது மாதிரி அறுபடும். ஓரத்தில் வைக்கும் காப்பு இல்லாமல் தூக்கவே கூடாது.

அடையாளம்: பெல்ட் பெரும்பாலும் நிறத்திலேயே சொல்லிவிடும்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. ஆனாலும் லேபிளைப் படியுங்கள். லேபிள் போன பெல்ட்டை ஒதுக்கிவிடுங்கள். கம்பியில் மடிந்து கோணலான இடம், நசுங்கல், அறுந்த இழை தேடவேண்டும்.

அப்புறம், இரண்டுக்கும் பொதுவான ஆபத்து கோணம். 2 டன் சரக்கை இரண்டு கால்களில், அதாவது கொக்கியிலிருந்து சரக்குக்கு இறங்கும் இரண்டு கயிறுகளில், கட்டுகிறீர்கள். கால்களுக்கு இடையிலான கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு காலும் சுமார் 1.15 டன் தாங்கவேண்டும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொன்றும் முழு 2 டன்! பலர் இதைத்தான் கவனிப்பதில்லை, எனக்கு அதுதான் கவலை.

இயந்திரம், பெயின்ட் அடித்த குழாய் என்றால் பெல்ட். இரும்புக் கட்டு, மரத்தடி, சூடான சரக்கு என்றால் கம்பி. சந்தேகமென்றால் ஃபோர்மனைக் கேட்டுவிட்டே கொக்கியில் மாட்டுங்கள், தம்பி.