மளிகை பிக்அப்: பையைத் திறந்து பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் இப்போது சில மளிகைக் கடைகள், "செயலியில் ஆர்டர் போட்டுப் பணம் கட்டிவிடுங்கள், சொன்ன நேரத்துக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று விளம்பரம் செய்கின்றன. நாள் குறித்த விசேஷம் எதற்கும் இதை நம்பி இறங்காதீர்கள். எங்களுக்கு நடந்ததை முழுசாகச் சொல்கிறேன். புகார் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

பங்குனிக் கடைசியில் கும்பகோணத்தில் இரண்டு நாள் விளையாட்டுச் சந்திப்பு வைத்திருந்தோம். பலகை விளையாட்டில் பைத்தியமாக இருக்கிறவர்கள் திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சியிலிருந்தெல்லாம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் 'கேட்டான்' (Catan), கார்கசோன், டிக்கெட் டு ரைடு என்ற வெளிநாட்டுப் பலகை விளையாட்டுகள். இன்னொரு பக்கம் பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம். எந்த ஆட்டம் எப்போது, எந்த மேஜையில் என்று அட்டவணை போடுவதும், தின்பண்டம், காபி, மதியச் சாப்பாட்டுக்கான சாமான் வாங்குவதும் என் பொறுப்பு.

இந்த இரண்டு வேலையும் தனித்தனி இல்லை. கேட்டானுக்கு மூன்று அல்லது நான்கு பேர் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், அதனால் அதைக் காலையில் வைத்தோம். சாப்பிட்ட பிறகு கண் சொக்கும் நேரத்தில் புதியவருக்கு நீண்ட விதிமுறை சொல்லிக் கொடுக்க முடியாது, அப்போது பல்லாங்குழி. சாயங்காலம் ஆடுபுலிப் போட்டி: மூன்று புலி, பதினைந்து ஆடு, எதிரெதிரே இரண்டு பேர். தின்பண்டத்திலும் கவனம் வேண்டும். கேட்டான் மாதிரி ஒரு பெட்டி சில ஆயிரம் ரூபாய். எண்ணெய்க் கையோடு ஒருவர் சீட்டைத் தொட்டால் அந்தக் கறை போகவே போகாது, அடுத்த ஆட்டத்தில் அது எந்தச் சீட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் பொரி, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம் என்று உலர்ந்த சாமானாகப் பார்த்துப் பட்டியல் போட்டேன்.

பட்டியலில் நான் முக்கியமாக நினைத்தது கொட்டையுள்ள புளி. மதியத்துக்குப் புளியோதரை ஆகும், கொட்டை பல்லாங்குழிக்கு ஆகும். பல்லாங்குழியில் 14 குழி. குழிக்கு எத்தனை காய் என்பது வீட்டுக்கு வீடு மாறும். நாங்கள் ஆறு வைத்து ஆடுகிறோம். அப்படியானால் ஒரு பலகைக்கு 84 கொட்டை, எட்டுப் பலகைக்கு 672. செயலியில் 'கொட்டையுடன்' என்று தெளிவாகப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் மூன்று கிலோ சேர்த்தேன்.

சந்திப்புக்கு முந்தின நாள் மாலை 5 மணியிலிருந்து 6 மணிக்குள் வரச் சொல்லியிருந்தார்கள். ஏழரை வரை உட்கார வைத்தார்கள். கடைசியில் கவுண்டரில் இருந்த பையன், "மேடம், ஓடிபி சொன்னாத்தான் உள்ளேர்ந்து பை வரும்" என்றான். "தம்பி, சாமானைப் பார்த்துட்டுச் சொல்றேனே" என்றேன். கம்ப்யூட்டர் அப்படி விடாதாம். வேறு வழியில்லாமல் எண்ணைச் சொன்னதும் செல்லுக்குக் குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் ஆர்டர் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது.' அதுவரை ஒரு பைகூட என் கண்ணில் படவில்லை.

பைகளின் வாயை ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தார்கள். அங்கேயே கவுண்டரில் வைத்துப் பிரித்தேன். கொட்டையுள்ள புளிக்குப் பதில் கொட்டை நீக்கிய பாக்கெட் புளி, அதுவும் கூடுதல் விலையில். டிகிரி காபிக்காக 80க்கு 20 சிக்கரி கலந்த தூள் கேட்டிருந்தேன். இன்ஸ்டன்ட் காபி பொட்டலங்கள் இருந்தன. கும்பகோணத்தில் வெளியூர்க்காரர்களுக்கு அதைக் கலந்து கொடுக்க எனக்கு எப்படி மனசு வரும்? பொரிக்கும் பொட்டுக்கடலைக்கும் பதில் மிக்சரும் நேந்திரங்காய் சிப்ஸும். எதை வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கினேனோ அதையே போட்டிருந்தார்கள்.

இதைவிட மோசம் கொண்டைக்கடலை. பாக்கெட்டின் பின்பக்கம் தேதி அச்சடித்த இடத்துக்கு மேலேயே விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். காலாவதிக்கு இன்னும் 11 நாள்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கடலையில் குண்டூசி முனை அளவுக்கு வண்டு துளை, பாக்கெட்டின் அடியில் மாவு மாதிரி தூள். ஐந்து கிலோ என்று பில் போட்ட வெங்காயத்தைப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்தோம். 4 கிலோ 300 கிராம் காட்டியது.

மேலாளரைக் கூப்பிட்டோம். "ஓடிபி கொடுத்துட்டீங்க மேடம், இனிமே கஸ்டமர் கேர்தான்" என்று முடித்துவிட்டார். மாற்றுப்பொருள் வைக்க நான் சம்மதித்தேன் என்று திரையைத் திருப்பிக் காட்டினார். பணம் கட்டும் பக்கத்தின் அடியில் 'இருப்பு இல்லையென்றால் மாற்றுப்பொருள் தரலாம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி 'பிக்அப் இலவசம்' என்ற விளம்பரத்துக்கு அடியில் பேக்கிங் கட்டணம், நான் கேட்காத ஒரு நன்கொடை, எல்லாம் தானாகச் சேர்ந்திருந்தன.

இதெல்லாம் சட்டப்படியே கூடாது. 2020ஆம் ஆண்டு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், முன்கூட்டியே டிக் போட்ட கட்டத்தைச் சம்மதமாகப் பதிவு செய்யக் கூடாது என்கின்றன. நாம் கேட்காததைக் கூடையில் நுழைப்பதை 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன. ஆன்லைனில் விற்கும் உணவுப்பொருள் நம் கைக்கு வரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் சொல்லியிருக்கிறது. எடைக் குறைவுக்குத் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். எடையளவுச் சட்டம் தமிழ்நாட்டில் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

அன்று இரவு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். காபித்தூளைக் கடைவீதியில் அரைத்துக் கொடுக்கும் கடையில் வாங்கினோம். பொரிக்கடைக்காரர் கதவைச் சாத்தப் போனவர், விஷயத்தைக் கேட்டு மறுபடி திறந்தார். புளியங்கொட்டைக்குத்தான் தவித்தோம். நல்லவேளை, புளி தட்டும் சீசன். அடுத்த தெருவில் ஒரு பாட்டி வருஷத்துக்கான புளியை அரிவாள்மணையில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் ஒரு முறம் நிறையக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ராத்திரி கழுவி, காயப்போட்டு, ஒரே அளவாகப் பொறுக்கி எட்டுப் பலகைக்கும் எண்ணி வைத்தோம். ஆனாலும் காலையில் கேட்டான் மேஜைகளில் விதி சொல்லித்தர வேண்டிய இரண்டு பேர் சமையல்கட்டில் மாட்டிக்கொண்டார்கள். முதல் ஆட்டமே தாமதம். அதிகாலையில் பஸ் ஏறி வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

கஸ்டமர் கேரில் முதலில் பணத்துக்குப் பதில் வாலட் பாயிண்ட் தருவதாகச் சொன்னார்கள். அந்தச் செயலியில்தான் செல்லும், அதுவும் 30 நாளைக்குள். ஒத்துக்கொள்ளவில்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவரிடமிருந்து பதிலே வராததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். பில், குறுஞ்செய்தி, ஸ்டிக்கர் சுரண்டிய பாக்கெட்டின் படம், தராசின் படம் எல்லாம் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் வெங்காயத்துக்கும் கடலைக்கும் வங்கிக் கணக்கில் பணம் வந்தது. புளிக்கும் காபிக்கும் 'மாற்றுப்பொருள் சம்மதம்' என்ற பாட்டையே பாடுகிறார்கள்.

ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டவர்கள் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். கடையில் பையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் ஓடிபி சொல்லாமல் அங்கேயே ஆர்டரை ரத்து செய்யுங்கள், அவர்கள் மறுப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். எல்லாம் மாலை நேரத்தில், கூட்டத்துக்கு நடுவில் நடக்கும், அவசரப்படுத்துவார்கள். அசையாதீர்கள்.

மிச்சப் பணத்துக்காகத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போகிறோம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகப் போடவும் சட்டத்தில் வழி இருக்கிறது. நம் பக்கத்தில் பிக்அப் கவுண்டரில் இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பில்லையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே போடலாம்.